'தான்' எல்லாம் 'ஓன்லி' ஆகாது

ஆங்கிலம் பேசப் பழகுகிறவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். முதல் நாள் ஒவ்வொருவரையும் தம்மைப் பற்றி நாலு வாக்கியம் பேசச் சொல்வது வழக்கம். "ஐ ஆம் ஃப்ரம் மதுரை ஓன்லி." "ஐ ஸ்டடீட் இன் எ கவர்ன்மென்ட் ஸ்கூல் ஓன்லி." "மை ஃபாதர் இஸ் எ டெய்லர் ஓன்லி." இப்படித்தான் வரும். கடைசி வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். சொல்கிற பெண்ணின் மனதில் இருப்பது "எங்கள் அப்பா தையல்காரர்தான்" என்ற நேரான செய்தி. கேட்கிற வெளிநாட்டுக்காரர் காதில் விழுவதோ "எங்கள் அப்பா வெறும் தையல்காரர்" என்பது. அவள் நினைக்காத ஒரு தாழ்வை அந்த ஒற்றைச் சொல் அவள் வாயில் வைத்துவிடுகிறது.

இந்தச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு நிதானமாகப் பார்ப்போம். இதற்கு ஆங்கில இலக்கணம் அதிகம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நம் 'தான்' என்ன செய்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் தமிழில் ஒரு சோதனை

பள்ளிக்கூடத்தில் ஏகாரத்துக்குப் பல பொருள் உண்டு என்று படித்திருப்போம். நன்னூல் ஆறு சொல்கிறது. அதில் நமக்கு வேண்டியவை இரண்டு: பிரிநிலை, தேற்றம். பலவற்றிலிருந்து ஒன்றைப் பிரித்து, "இது தவிர வேறில்லை" என்றால் பிரிநிலை. "சந்தேகமே வேண்டாம், இதுதான்" என்று உறுதி சொன்னால் தேற்றம். இன்றைய பேச்சில் இந்த இரண்டு வேலையையும் 'தான்' ஒன்றே பார்க்கிறது. ஆங்கில 'ஓன்லி' அப்படி இல்லை. அதற்குப் பிரிநிலை வேலை மட்டுமே தெரியும். நம் சிக்கல் முழுவதும் இந்த ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

ஆகவே ஆங்கிலத்தில் வாயைத் திறப்பதற்கு முன், உங்கள் தமிழ் வாக்கியத்தில் 'தான்' இருக்கும் இடத்தில் 'மட்டும்' போட்டுப் பாருங்கள். பொருள் மாறாமல் நின்றால் 'ஓன்லி' சொல்லலாம். பொருள் கெட்டால் சொல்லக்கூடாது.

"என்னிடம் பத்து ரூபாய்தான் இருக்கிறது." பத்து ரூபாய் மட்டும் இருக்கிறது. பொருள் மாறவில்லை. "ஐ ஹாவ் ஓன்லி டென் ருபீஸ்." சரி.

"நான் மதுரைதான்." நான் மதுரை மட்டும்? பொருந்தவில்லை. "ஐ ஆம் ஃப்ரம் மதுரை" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எதிரில் இருப்பவரும் மதுரை என்று சொன்னதால் நீங்கள் "நானும் மதுரைதான்" என்கிறீர்கள் என்றால், அங்கே ஆங்கிலத்துக்கு வேண்டியது 'நானும்' என்பதில் உள்ள 'உம்'. "ஐ ஆம் ஃப்ரம் மதுரை டூ." 'தான்' கரைந்து போய்விடும், போகட்டும்.

உச்சரிப்பு பற்றி ஒரு வார்த்தை. பலரும் 'ஒன்லி' என்று குறிலில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அது நெடில், 'ஓன்லி'. 'ஒன்று' என்ற எண்ணோடு 'லி' சேர்ந்து பிறந்த சொல் இது. அந்த எண்ணின் உச்சரிப்பு பிற்காலத்தில் 'வன்' என்று மாறியது. 'ஓன்லி', 'அலோன்' ஆகிய இரண்டிலும் பழைய ஓகாரம் அப்படியே தங்கிவிட்டது. ஒன்று, ஒற்றை, ஒன்றே ஒன்று என்ற நினைப்பு இந்தச் சொல்லின் வேரிலேயே இருக்கிறது என்பதை மறக்காதிருந்தால், எங்கே போடுவது என்ற குழப்பம் குறையும்.

சோதனையில் தேறாத 'தான்' என்ன ஆகும்?

அதிக நேரம் செலவிட வேண்டிய பகுதி இது. உறுதி சொல்வதற்கு ஆங்கிலத்தில் தனிச்சொல் ஒன்று இல்லை, இடத்துக்கு ஒரு வழி இருக்கிறது.

"ரவிதான் என்னிடம் சொன்னான்." இதை "ரவி ஓன்லி டோல்ட் மீ" என்று சொன்னால், ஆங்கிலக் காதுக்கு "ரவி என்னிடம் மட்டும் சொன்னான்" என்றோ "ரவி சொல்ல மட்டும்தான் செய்தான், வேறெதுவும் செய்யவில்லை" என்றோ கேட்கும். இரண்டும் நீங்கள் சொல்ல வந்தது இல்லை. ஆங்கிலத்தில் ஆளைச் சுட்டிக்காட்டும் வழி இது: "இட் வாஸ் ரவி ஹூ டோல்ட் மீ." பேச்சில் இன்னும் எளிது. "ரவி டோல்ட் மீ" என்று சொல்லி, 'ரவி'யில் குரலை அழுத்துங்கள். நாம் 'தான்' ஒட்டுகிற இடத்தில் அவர்கள் குரலை ஏற்றுகிறார்கள். வகுப்பில் பலருக்கும் இது கூச்சமாக இருக்கிறது. தமிழில் அழுத்தத்தை ஒட்டுச்சொல்லே சுமந்துகொள்வதால் குரலை ஏற்றி இறக்கும் பழக்கம் நமக்குக் குறைவு. நாலு நாள் சத்தமாகச் சொல்லிப் பார்த்தால் வந்துவிடும்.

"இங்கேதான் இருக்கிறேன்." இதற்கு 'ரைட்' உதவும். "ஐ ஆம் ரைட் ஹியர்." அங்கேதான் என்றால் "ரைட் தேர்."

"இதைத்தான் நானும் நினைத்தேன்." இங்கே 'எக்ஸாக்ட்லி'. "தட்ஸ் எக்ஸாக்ட்லி வாட் ஐ தாட்."

"அதனால்தான் வரவில்லை." "தட்ஸ் வை ஐ டிடன்ட் கம்." 'தட்ஸ் வை' என்ற இரண்டு சொல்லுக்குள்ளேயே 'தான்' அடங்கியிருக்கிறது. "தட்ஸ் வை ஓன்லி" என்று பின்னால் இன்னொன்று ஒட்டினால், "அதனால்தான்தான்" என்பது போல ஆகிவிடும்.

"அவர் அப்படித்தான்." இந்த வாக்கியத்தின் பெருமூச்சை முழுவதும் ஆங்கிலத்தில் கொண்டுவருவது கடினம். "தட்ஸ் ஜஸ்ட் ஹவ் ஹீ இஸ்" என்பது நெருங்கி வரும். "ஹீ இஸ் லைக் தட் ஓன்லி" என்று நம் ஊரில் சொல்வார்கள், நம் ஊரில் புரியும்.

"இப்போதுதான் சாப்பிட்டேன்." "ஐ ஏட் நவ் ஓன்லி" வேண்டாம். "ஐ ஹாவ் ஜஸ்ட் ஈட்டன்." 'இப்போது', 'தான்' இரண்டும் சேர்ந்து 'ஜஸ்ட்' என்ற ஒரே சொல்லாகிவிடுகின்றன.

தொலைபேசியில் "கவிதாவா பேசறது?" என்று கேட்டால் நாம் "ஆமாம், நான்தான்" என்போம். "யெஸ், ஐ ஒன்லி" என்று பதில் சொல்பவர்களைக் கேட்டிருக்கிறேன். "ஸ்பீக்கிங்" என்ற ஒரே சொல் போதும். அல்லது "யெஸ், திஸ் இஸ் கவிதா."

"நல்ல வீடுதான், ஆனால் வாடகை அதிகம்." இந்தத் 'தான்' வேறு ரகம். ஒன்றை ஒப்புக்கொண்டு அடுத்ததற்கு நகர்கிறது. "இட் இஸ் எ நைஸ் ஹவுஸ், பட் த ரென்ட் இஸ் ஹை" என்று சொல்லி, முதல் பாதியில் 'இஸ்' மேல் குரலை வைத்தால் அந்த ஒப்புதல் தானாக வந்துவிடும். "வந்துதான் ஆகணும்" என்ற கட்டாயமோ "யூ ஹாவ் டு கம்" என்பதற்குள் அடங்கிவிடும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வாக்கியத்தின் கடைசியில் 'ஓன்லி' ஒட்டுவது தமிழர்கள் மட்டும் செய்வது இல்லை. இந்தியில் 'ஹீ' என்ற சொல் நம் 'தான்' போலவே இரண்டு வேலையும் செய்கிறது, அவர்களும் இப்படியே பேசுகிறார்கள். மொழியியல் படித்தவர்கள் இதை இந்திய ஆங்கிலத்தின் இயல்புகளில் ஒன்றாகவே குறிக்கிறார்கள். நம் அலுவலகத்தில், நம் தெருவில் இப்படிப் பேசுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் வெளிநாட்டு வாடிக்கையாளரிடமோ, நேர்காணலிலோ, எழுத்துத் தேர்விலோ பொருளே மாறிப்போகும்போது நஷ்டம் பேசுகிறவருக்கு. அதற்காகத்தான் இவ்வளவு சொல்கிறேன்.

நேற்றுதான், பத்து மணிக்குத்தான்

காலத்தோடு வரும் 'தான்' மட்டும் சோதனைக்கு முழுவதும் அடங்காது. "நேற்றுதான் வந்தேன்" என்பதில் 'மட்டும்' போட முடியாது, ஆனாலும் "ஐ கேம் ஓன்லி யெஸ்டர்டே" என்பது நல்ல ஆங்கிலம். எனவே இதற்கு ஒரு தனிக் கேள்வி வைத்துக்கொள்ளுங்கள்: நான் சொல்ல வருவது 'இவ்வளவு சமீபத்தில்' என்பதா, 'இவ்வளவு தாமதமாக' என்பதா?

சமீபம் என்றால் 'ஓன்லி'. "முந்தாநாள்தான் வாங்கினேன், அதற்குள் கெட்டுப்போச்சு" என்று கடைக்காரரிடம் முறையிடும்போது "ஐ பாட் இட் ஓன்லி டூ டேஸ் அகோ" என்பது கச்சிதம்.

தாமதம் என்றால் 'நாட் அன்டில்'. "கடை பத்து மணிக்குத்தான் திறக்கும்." நாம் உடனே "ஓபன்ஸ் அட் டென் ஓன்லி" என்போம். ஆங்கிலத்தில் இயல்பாக வருவது "த ஷாப் டசன்ட் ஓபன் அன்டில் டென்." பத்து வரை திறக்காது என்று திருப்பிப் போட்டுச் சொல்கிறார்கள். "நேற்று ராத்திரி பதினொரு மணிக்குத்தான் வீட்டுக்கு வந்தேன்" என்றால் "ஐ டிடன்ட் கெட் ஹோம் அன்டில் இலெவன் லாஸ்ட் நைட்." "மேனேஜர் நாளைக்குத்தான் வருவார்" என்றால் "த மேனேஜர் வோன்ட் பி ஹியர் அன்டில் டுமாரோ." இதையே "ஓன்லி டுமாரோ" என்று சொன்னால், நாளை ஒரு நாள் மட்டும் வந்துவிட்டுப் போய்விடுவார் என்று கேட்பவர் நினைக்க வாய்ப்புண்டு. வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவர்கள் இந்த ஒரு வாக்கியத்தை நூறு முறை சொல்லிப் பழகலாம்.

எங்கே வைப்பது?

'மட்டும்' தமிழில் சொல்லுக்குப் பின்னால் ஒட்டும். 'ஓன்லி' தான் குறிக்கும் சொல்லுக்கு முன்னால் நிற்கும். "ரவி கேவ் மீ டென் ருபீஸ்" என்ற ஒரு வாக்கியத்தை எடுத்து, சொல்லை நகர்த்திப் பாருங்கள்.

"ஓன்லி ரவி கேவ் மீ டென் ருபீஸ்." ரவி மட்டும் கொடுத்தான், மற்றவர்கள் கொடுக்கவில்லை.

"ரவி கேவ் ஓன்லி மீ டென் ருபீஸ்." எனக்கு மட்டும் கொடுத்தான்.

"ரவி கேவ் மீ ஓன்லி டென் ருபீஸ்." பத்து ரூபாய் மட்டும் கொடுத்தான்.

"ரவி ஓன்லி கேவ் மீ டென் ருபீஸ்." எழுத்தில் இது குழப்பும். பேச்சில் 'டென்' மேல் அழுத்தம் வைத்தால் மூன்றாவது வாக்கியத்தின் பொருளையே தரும்.

இந்தக் கடைசி வடிவத்தைப் பற்றி ஆங்கிலேயர்களே வெகுகாலம் சண்டை போட்டிருக்கிறார்கள். குறிக்கும் சொல்லுக்கு ஒட்டி முன்னால்தான் வைக்க வேண்டும் என்று கண்டிப்பானவர்கள் சொன்னார்கள். 1926இல் வெளிவந்த தன் ஆங்கில வழக்கு அகராதியில் ஹென்றி ஃபவுலர், பொருள் குழம்பாதவரை வினைச்சொல்லுக்கு முன் வைப்பதில் தவறில்லை என்று வாதாடினார். இன்றும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் சாதாரணமாக "ஐ ஓன்லி ட்ரிங்க் காஃபி இன் த மார்னிங்" என்றே சொல்கிறார்கள், அழுத்தத்தை 'மார்னிங்' மேல் வைக்கிறார்கள். எனவே நான் சொல்லிக்கொடுப்பது இப்படி: பேசும்போது வினைக்கு முன் வைத்து, உரிய சொல்லில் குரலை அழுத்துங்கள். 'இஸ்', 'ஆம்', 'ஹாவ்', 'கேன்' போன்ற துணைச்சொல் இருந்தால் அதற்குப் பின் வையுங்கள்: "ஐ ஆம் ஓன்லி ட்வென்டி", "யூ கேன் ஓன்லி பே இன் கேஷ்." எழுதும்போது குரல் கிடையாது. அப்போது குறிக்கும் சொல்லுக்கு நேர் முன்னால் கொண்டுபோய் வையுங்கள்.

எழுத்தில் இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு மாத்திரைச் சீட்டை நினைத்துப் பாருங்கள். "டேக் ஓன்லி ஒன் டேப்லட் அட் நைட்" என்றால் இரவில் ஒரு மாத்திரைக்கு மேல் வேண்டாம் என்று பொருள். "டேக் ஒன் டேப்லட் ஓன்லி அட் நைட்" என்றால் இரவில் தவிர வேறு வேளையில் வேண்டாம். ஒரு சொல் இரண்டு இடம் தள்ளி உட்கார்ந்ததில், எண்ணிக்கை பற்றிய எச்சரிக்கை வேளை பற்றிய எச்சரிக்கையாக மாறிவிட்டது. செவிலியர் படிப்பு முடித்து வெளிநாடு போகத் தயாராகும் பிள்ளைகள் என் வகுப்பில் உண்டு. அவர்களிடம் இந்த இரண்டு வாக்கியங்களையும் தினமும் கேட்டுவிடுவேன்.

கடைசியில் வரும் 'ஓன்லி' எப்போதுமே தவறு என்றும் நினைத்துவிடாதீர்கள். காசோலையில் "ருபீஸ் ஃபைவ் தவுசண்ட் ஓன்லி" என்று எழுதுகிறோம். தொகைக்குப் பின்னால் யாரும் எதையும் சேர்த்துவிடக் கூடாது என்பதற்கான பூட்டு அது. தமிழ் ரசீதில் "ரூபாய் ஐயாயிரம் மட்டும்" என்று வருவதும் அதற்கே. அறிவிப்புப் பலகைகளிலும் கடைசி இடம்தான்: "லேடீஸ் ஓன்லி", "ஸ்டாஃப் ஓன்லி". மேலே தடவும் மருந்துப் புட்டியில் "ஃபார் எக்ஸ்டர்னல் யூஸ் ஓன்லி" என்றிருக்கும். இவை அனைத்திலும் 'மட்டும்' பொருந்துகிறது, கவனித்தீர்களா?

ஆல்தான், அப்போதுதான்

"நீ வந்தால்தான் நான் வருவேன்" என்பது போன்ற வாக்கியங்களுக்கு 'ஓன்லி இஃப்' தயாராக இருக்கிறது. "ஐ வில் கம் ஓன்லி இஃப் யூ கம்." இதைத் தலைகீழாகப் போட்டு 'இஃப் ஓன்லி' என்று சொல்லிவிட்டால் அது ஏக்கமாக மாறிவிடும். "இஃப் ஓன்லி ஐ ஹாட் ஸ்டடீட்!" என்றால் "நான் அப்போதே படித்திருக்கக் கூடாதா!" என்று பொருள். நிபந்தனைக்கு ஒன்று, ஏக்கத்துக்கு ஒன்று.

"அப்போதுதான் எனக்குப் புரிந்தது." 'ஓன்லி தென்' என்று தொடங்கினால் ஆங்கிலத்தில் ஒரு வினோதமான கட்டாயம் வரும். கேள்வி கேட்பது போல வினையை முன்னால் கொண்டுவர வேண்டும்: "ஓன்லி தென் டிட் ஐ அண்டர்ஸ்டாண்ட்." 'ஓன்லி' காலத்தையோ இடத்தையோ நிபந்தனையையோ பிடித்துக்கொண்டு வாக்கியத்தின் தலையில் உட்கார்ந்தால் இது நடக்கும். ஆளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் நடக்காது: "ஓன்லி ரவி அண்டர்ஸ்டுட்." இந்தத் திருப்பம் எழுத்துக்கு அழகு, பேச்சில் நாக்கு தடுக்கும். புதியவர்களுக்கு நான் தருகிற பாதுகாப்பான வழி, "இட் வாஸ் ஓன்லி தென் தட் ஐ அண்டர்ஸ்டுட்." இதில் எதையும் திருப்ப வேண்டாம். 'நாட் ஓன்லி' தலையில் வந்தாலும் இதே திருப்பம் உண்டு என்பதால், "ஹீ நாட் ஓன்லி கேம் லேட் பட் ஆல்சோ ஃபர்காட் த கீ" என்று உள்ளே வைத்துச் சொல்வதே எளிது.

'ஒரே மகன்' என்பதற்கு "மை ஓன்லி சன்". உடன்பிறந்தவர் இல்லாத பிள்ளையை "ஆன் ஓன்லி சைல்ட்" என்பார்கள். ஆனால் "இருவரும் ஒரே ஊர்" என்பதில் உள்ள 'ஒரே' இதில் சேராது, அது 'சேம்'. "வீ ஆர் ஃப்ரம் த சேம் டவுன்."

'சும்மா'வுக்கும் சில நேரம் இதுவே சரியான சொல். "சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்" என்றால் "ஐ வாஸ் ஓன்லி ஜோக்கிங்."

இன்று மாலையே செய்து பார்க்க

ஒரு நாள் முழுக்க நீங்கள் சொல்கிற 'தான்'களைக் கவனித்து, பத்து வாக்கியத்தைத் தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் 'மட்டும்' போட்டுப் பாருங்கள். காலம் வந்தால் சமீபமா, தாமதமா என்று கேளுங்கள். பிறகு ஆங்கிலத்தில் சொல்லுங்கள், மனதுக்குள் வேண்டாம், வாய்விட்டு. தொடக்கத்துக்கு ஏழு வாக்கியம் நான் தருகிறேன். என் விடையைப் பார்க்கும் முன் உங்கள் விடையை எழுதிவிடுங்கள்.

இந்தச் சட்டை முந்நூறு ரூபாய்தான்.
"திஸ் ஷர்ட் இஸ் ஓன்லி த்ரீ ஹண்ட்ரட் ருபீஸ்."

சாவி உங்கள் கையில்தான் இருக்கிறது.
"த கீ இஸ் ரைட் தேர் இன் யுவர் ஹேண்ட்."

அம்மாவுக்குத்தான் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது.
"ஓன்லி மை மதர் நோஸ்." பின்பாதியை மொழிபெயர்க்கவே வேண்டாம், 'ஓன்லி' சொல்லிவிட்டது.

பஸ் ஆறு மணிக்குத்தான் வரும்.
"த பஸ் வோன்ட் கம் அன்டில் சிக்ஸ்."

நீங்கள் கையெழுத்துப் போட்டால்தான் பணம் தருவார்கள்.
"தே வில் பே ஓன்லி இஃப் யூ சைன்."

போன வாரம்தான் வேலையில் சேர்ந்தேன்.
"ஐ ஜாய்ன்ட் ஓன்லி லாஸ்ட் வீக்." பேச்சில் "ஐ ஓன்லி ஜாய்ன்ட் லாஸ்ட் வீக்" என்றாலும் சரி.

எங்கள் அப்பா தையல்காரர்தான்.
"மை ஃபாதர் இஸ் எ டெய்லர்."